உப்புக்கல்லும் மாதிரி விமானமும்

மரக்காணம் உப்பளத்து உப்புக்கல் ஒன்றை உற்று நோக்குங்கள். ஏறக்குறைய கனசதுர வடிவம்! பக்கம் 1 மி.மீ. உள்ள கல்லை 2 மி.மீ. கல்லோடு ஒப்பிடுவோம். பக்கம் 2 மடங்கு. பரப்பு 4 மடங்கு. எடையோ 8 மடங்கு. மாதிரி விமானம் செய்வோர் அறியவேண்டிய முதல் விதி இதுவே.

ஜெர்மானியப் பொறியியலாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு, 1961இல் முதன்முதலாகப் பறந்தது 'மாருத்' போர் விமானம். இறக்கை வீச்சு 9 மீட்டர். இறக்கைப் பரப்பு 28 சதுர மீட்டர். வெற்று எடை சுமார் 6,200 கிலோகிராம். இதன் மாதிரியை 1/72 அளவில் செய்வோமா? வீச்சு 12.5 செ.மீ. ஆகும். பரப்பு 72×72, அதாவது 5,184 மடங்கு குறைந்து 54 சதுர செ.மீ. ஆகும். எடையோ 72×72×72, அதாவது 3,73,248 மடங்கு குறைந்து, சுமார் 17 கிராம்தான் இருக்கவேண்டும்.

இனி, ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமக்கும் எடையைக் காண்போம். உண்மை விமானத்தில் 221 கிலோகிராம். மாதிரியில் ஏறத்தாழ 3 மட்டுமே! இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே மாதிரி பறக்க √72, அதாவது சுமார் எட்டரை மடங்கு குறைந்த வேகமே போதும். காற்றின் பாகுத்தன்மை சிறு இறக்கையை அதிகம் பாதிப்பதால், நடைமுறையில் சற்றுக் கூடுதல் வேகம் தேவைப்படும்.

மெதுவாகப் பறக்கும் பொருளைக் காற்று எளிதில் புரட்டிவிடும் அல்லவா? எனவே கடற்காற்று வலுக்கும் பிற்பகலைத் தவிர்த்து, காற்று அடங்கிய காலையில் பறக்கவிடுங்கள். பசையையும் வண்ணத்தையும் அளவாகப் பூசுங்கள். ஒவ்வொரு கிராமும் கணக்கில் சேரும்.

வினா: மாதிரியின் எடை இரு மடங்கானால், பறக்கத் தேவையான வேகம் எத்தனை மடங்காகும்?