விண்கல் கூறும் வரலாறு

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களைச் சூழ்ந்த நிலப்பகுதி பழமை மிக்க கற்களை உடையது. திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். மேற்கே செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறைகளோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. இவற்றினும் முதிய கல் உண்டோ எனின், உண்டு. ஆயின் அது மண்ணில் தோன்றியதன்று, வானிலிருந்து வந்தது.

இவ்விரு நகரங்களும் அந்நாளில் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்து நம்மியந்தல் என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் எடை ஏறத்தாழ 4.5 கிலோகிராம். 1890ஆம் ஆண்டில், அந்நாளைய சேலம் மாவட்டத்துக் காக்கங்கரையில் மற்றொன்று விழுந்தது. அதன் எடை ஏறத்தாழ 350 கிராமே. இரண்டும் ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், கதிரவனும் கோள்களும் உருவாகத் தொடங்கிய காலத்துப் பொருளால் ஆனவை. எனினும், அக்காலத்து நிலையை நமக்கு மிகுதியாக உணர்த்துவது சிறிய கல்லே. அஃது எங்ஙனம்?

தொடக்கத்தில் கதிரவனைச் சூழ்ந்து வாயுவும் தூசியும் சுழன்றன. வெப்பம் மிக்க வாயு குளிரும்பொழுது எல்லாத் தனிமங்களும் ஒரே வேளையில் திடப்பொருள் ஆவதில்லை. கால்சியமும் அலுமினியமும் முதலில் கனிமங்களாகும். பின்னர் மெக்னீசியம், சிலிக்கன், இரும்பு ஆகியவை திரளும். கந்தகம் சூழல் நன்கு குளிர்ந்த பின்னரே இரும்போடு கூடித் திடமாகும். ஆதலின், ஒரு கல்லில் எத்தனிமம் எவ்வளவு உள்ளது என்பதைக் கொண்டு அது பிறந்த இடத்தின் வெப்பத்தை மதிப்பிடலாம். இரும்பு மற்றொரு சான்றும் அளிக்கும். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் அது ஆக்சிஜனோடு கூடிக் கனிமங்களுள் புகும். குறைந்த இடத்தில் உலோகமாகவே நிற்கும்.

ஆனால் இச்சான்றுகள் அழியாதிருத்தல் வேண்டும். நம்மியந்தல் கல், தான் முன்பு அங்கமாயிருந்த சிறுகோளினுள் ஏறத்தாழ 700 பாகை வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்தது. அதனால் அதன் கனிமங்கள் தம்முள் தனிமங்களைப் பரிமாறிக்கொண்டு ஒரே தன்மை அடைந்தன. பழைய வேறுபாடுகள் மறைந்தன. காக்கங்கரைக் கல்லோ அத்துணை வெப்பத்தைக் காணவில்லை. உருகிய துளிகள் விரைந்து குளிர்ந்தமையால் ஆன சிறு உருண்டைகளும், அவற்றிடையே நிறைந்த நுண்துகளும் அதில் இன்றும் காணப்படுகின்றன. அதன் கனிமங்களில் மெக்னீசியம் மிகுதி. இரும்பு மிகக் குறைவு. இரும்பின் பெரும்பகுதி உலோகமாகவும், கந்தகத்தோடு கூடியும் உள்ளது. எனவே, ஆக்சிஜன் குறைந்ததோர் இடத்தில் அது பிறந்தது என்பது தெளிவு. அதன் இயைபு விண்கற்களின் பெரும்பிரிவு எதனோடும் முற்றும் பொருந்தவில்லை. ஆகவே அறிஞர்கள் அதற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை வகுத்து, அவ்வூரின் பெயரையே அதற்கு இட்டனர். அப்பிரிவைச் சேர்ந்த கற்கள் உலகில் மிகச் சிலவே.

456 கோடி ஆண்டுகள் அழியாதிருந்த சான்றைச் சில மழைக்காலங்கள் கெடுத்துவிடக்கூடும். ஈரம் பட்டால் விண்கல்லின் இரும்பு துருவேறும். காக்கங்கரைக் கல் வயல்வெளியிலேயே கிடந்திருப்பின், கையளவே ஆன அதனை உலகம் அறிந்திராது. அத்தகைய கல் நாளை எவ்வூரிலும் விழலாம். அதனைக் காண்போர் உடைத்துப் பங்கிட்டுக்கொள்ளாமல், நீர் படாது காத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேர்ப்பித்தல் கடமையாகும்.