சர்க்கரை நோய் இல்லாதவருக்கு லோ சுகர் ஏன்?

விடியற்காலையில் எழுப்பினால் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறார். இப்படி அடிக்கடி நடந்தால், ‘பசி மயக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டையோடு கலந்து, கைமாறிப் போயிருக்கலாம். அப்படி இல்லையென்றால், கணையத்தில் ஒரு சிறு கட்டி இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். செரிமான மண்டலத்து நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் ஒன்றான இதற்கு இன்சுலினோமா என்று பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்கே வரும் அபூர்வ நோய். அதனாலேயே வலிப்பு என்றும் மனநலக் கோளாறு என்றும் வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. மயக்கத்துக்குப் பயந்து அடிக்கடி சாப்பிடுவதால் எடை கூடுவதும் உண்டு. கட்டி என்றால் இளைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களை இது ஏமாற்றிவிடும்.

தடுமாற்றம் வந்ததும், இனிப்பு கொடுக்கும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். அளவு, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று எழுதி வையுங்கள். கருவி கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிராமல் இனிப்பைக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அறிகுறி, அந்த நேரத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் தெளிவு: இந்த மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அறுவை நிபுணர் ஆலன் விப்பிள் வகுத்த விதி. சர்க்கரை டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் குறைந்த அளவுகளில் வீட்டுக் கருவி பிசகக்கூடும். ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு மருத்துவமனையில் அதிகபட்சம் 72 மணி நேரம் பட்டினி வைத்து, சர்க்கரை இறங்கும்போது இன்சுலினும் அதோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடும் பார்ப்பார்கள். இதை வீட்டில் முயன்றால் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் உறுதியான பிறகே ஸ்கேன். பெரும்பாலும் இது 2 சென்டிமீட்டருக்கும் சிறிய, புற்றுநோய் அல்லாத கட்டி. அறுவை சிகிச்சையில் குணமாகிவிடும்.

இதற்கு எதிர்மாறானது குளுக்ககோனோமா என்ற கணையக் கட்டி. சர்க்கரையை ஏற்றிவிடும். புதிதாகச் சர்க்கரை நோய், கூடவே எடை இழப்பு, தொடையிடுக்கில் இடம் மாறும் சிவந்த புண், நாக்கு எரிச்சல் என்று சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

ஏற்கெனவே இவ்வகைக் கட்டிகளுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் கவனத்துக்கு: எவரோலிமஸ் மாத்திரையும் ஆக்ட்ரியோடைடு ஊசியும் சர்க்கரையை ஏற்றக்கூடும். சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரையையும் எச்பிஏ1சி அளவையும் எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பது என்று புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு கோளாறோ கணையக் கட்டியோ இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பரம்பரையாக வரும் வகையும் உண்டு.