சோறும் தண்ணீரும்: ஜப்பானிய மொழியில் உணவுச் சொற்கள்

ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் எண்ணத்துடன் மொழி படிக்கத் தொடங்கும் துணுக்காய், மல்லாவி, யோகபுரம் பகுதிப் பிள்ளைகளுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது. பெற்றோரும் கூட இருந்து வாசிக்கலாம். வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்களுக்கு இதில் வரும் சில சொற்கள் பிள்ளைகளை விட விரைவாகப் பிடிபடும்.

உணவுச் சொற்களை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு விசேட திறனுள்ள தொழிலாளர்களுக்கான புதிய விசா முறையை 14 துறைகளுடன் ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இலங்கையுடன் அதற்கான ஒத்துழைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தத் துறைகளில் முதியோர் பராமரிப்பு, உணவகச் சேவை, உணவு மற்றும் பான உற்பத்தி, விவசாயம் ஆகிய நான்கும் ஏதோ ஒரு வகையில் உணவுடன் தொடர்புபட்டவை. அங்கே இந்தச் சொற்கள் கடையில் சாமான் வாங்குவதற்கு மட்டும் உரியவை அல்ல. அவைதான் உங்கள் வேலை.

கடைகளில் கிடைக்கும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்து ஜப்பானிய மொழிக்குப் போகின்றன. தமிழ்ப் பிள்ளை முதலில் ஆங்கிலச் சொல்லை நினைத்து, பிறகு ஜப்பானியச் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. உணவைப் பொறுத்தவரை அது சுற்றுப்பாதை. ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழும் ஜப்பானிய மொழியும் இரண்டு மூன்றாகப் பிரித்துச் சொல்லும் இடங்கள் பல. ஆகவே தமிழில் இருந்து நேரே போவோம்.

நெல், அரிசி, சோறு

ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'ரைஸ்' என்று சொல்லிவிடலாம். ஜப்பானியர் நெல் விளைவிக்கும் மக்கள். எங்களைப் போலவே பிரித்துச் சொல்வார்கள். வயலில் நிற்கும் நெற்பயிர் இனெ. உமியோடு இருக்கும் நெல் மொமி. குற்றிய அரிசி கொமெ. சமைத்த சோறு கொஹன். தவிட்டுக்கும் தனிச்சொல் உண்டு: நுக. "கொமெயை எடுத்து வா" என்றால் அரிசி மூட்டை. "கொஹனை எடுத்து வா" என்றால் சோற்றுக் கிண்ணம். ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்பார். நீங்கள் நிற்கத் தேவையில்லை.

நாங்கள் "சோறு திண்டாச்சோ" என்று கேட்கும்போது முழுச் சாப்பாட்டையும் கேட்கிறோம் அல்லவா? கொஹன் என்பதற்கும் அதே விரிந்த பொருள் உண்டு. காலைச் சாப்பாடு அசகொஹன், மத்தியானச் சாப்பாடு ஹிருகொஹன், இரவுச் சாப்பாடு பங்கொஹன். காலையில் பாண் சாப்பிட்டாலும் அது அசகொஹன்தான். கஞ்சிக்கு ஒகயு என்று பெயர். இந்தச் சொல் மீண்டும் வரும், மறக்க வேண்டாம்.

வாசிக்கும் முறை

தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஒலியை எழுதுவதில் ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. வசதி குறில், நெடில். ஜப்பானிய மொழியில் நெடிலைக் குறைத்தால் பொருளே மாறும். பீரு என்றால் பியர். பிரு என்றால் மாடிக் கட்டடம். தமிழ் படித்த காதுக்கு இது கஷ்டமில்லை. சொல்லின் கடைசியில் வரும் உகரம் பல இடங்களில் தேய்ந்து ஒலிக்கும். குற்றியலுகரம் படித்த பிள்ளைகளுக்கு அதுவும் புதிதல்ல. அதனால் தபெமஸு என்பதை இங்கே தபெமஸ் என்றே எழுதுகிறோம்.

வில்லங்கம் க, த, ப ஆகிய எழுத்துகளில். தமிழில் ஒரே எழுத்து வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் வாசிக்கப்படும். ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு ஒலிகள். தமகொ, தபெமஸ், குதசை போன்றவற்றின் நடுவில் வரும் எழுத்தைத் தமிழில் வாசிப்பது போலவே மெலித்து வாசிக்கலாம். ஆனால் நிகு, சகன, சகெ, ஒகயு, நுக ஆகியவற்றின் நடுவில் வரும் ககரத்தை 'கல்' என்பதில் வருவது போல வல்லோசையாகச் சொல்லுங்கள். கொஹன் என்பதன் முதல் ஒலி, உதைபந்தாட்டத்தில் 'கோல்' என்று கத்தும்போது வருகிற ஒலி. பீரு, பிரு, புதநிகு, பங்கொஹன் ஆகியவற்றின் முதல் ஒலி 'பஸ்' என்பதில் வருவது.

இரட்டித்து வரும் ஒலி இன்னும் முக்கியம். கித்தெ குதசை என்றால் "வெட்டுங்கள்". கிதெ குதசை என்றால், தகரத்தை வல்லோசையாக ஆனால் இரட்டிக்காமல் சொன்னால், "வாருங்கள்". கையில் கத்தியுடன் நிற்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகக் கேட்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்து முதல் அறிமுகத்துக்கு மட்டும்தான். பரீட்சையில் ஜப்பானிய எழுத்துத்தான் வரும். ஹிரகன, கதகன ஆகிய இரண்டு எழுத்து வரிசைகளையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஒலியைக் கேட்டுப் பழக, ஜப்பான் மன்றம் இணையத்தில் இலவசமாகத் தரும் 'இரொதொரி' என்ற பாடநூலும் அதன் ஒலிப்பதிவும் நல்லவை. காசு கொடுத்து வாங்கும் பல புத்தகங்களை விட அது மேல் என்பது எமது கருத்து.

தண்ணீர், தேநீர்

குடிக்கும் தண்ணீர் மிஸு. இதில் வரும் ஸ் வண்டு இரைவது போல ஒலிக்க வேண்டும். இங்கே தமிழ் எங்களுக்கு உதவாது, கவனியுங்கள். நாங்கள் தண்ணீர் என்ற சொல்லோடு சுடு என்பதைச் சேர்த்துச் சுடுதண்ணி என்கிறோம். ஜப்பானியர் அப்படிச் சேர்ப்பதில்லை. சுடுதண்ணிக்கு ஒயு என்ற வேறு சொல்லே இருக்கிறது. குளிக்கும் சுடுநீரும் ஒயுதான். சமையலறையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஒயு என்ற சொல் காதில் விழுந்தால் கை சுடக்கூடிய பொருள் கிட்ட இருக்கிறது என்று உடனே உணர வேண்டும்.

ஒச்ச என்றால் தேநீர். ஆனால் பாலும் சீனியும் போடாத பச்சைத் தேயிலைச் சாயம்தான் வரும். எங்கள் பிளேன்ரீக்குக் கிட்டியது கோச்ச. சொல்லுக்குச் சொல் 'சிவப்புத் தேநீர்' என்று பொருள். இலங்கைத் தேயிலை அங்கே கோச்ச என்ற பெயரில்தான் விற்கப்படும். பால் கியூனியூ.

பாணுக்கு பன் என்பார்கள். இது எங்கள் பணிஸ் அல்ல, பாணேதான். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கும் 1543இல் ஜப்பானுக்கும் வந்தார்கள். இரண்டு நாட்டிலும் தங்கள் சொல்லை விட்டுப் போனார்கள். கண்ணாடித் தம்ளருக்கு கொப்பு. எங்கள் கோப்பை நினைவுக்கு வந்தால் மறக்காது.

இறைச்சி, மீன், விரதம்

இறைச்சி நிகு. மாட்டிறைச்சி கியூநிகு, பன்றி இறைச்சி புதநிகு, கோழி இறைச்சி தொரிநிகு. மீன் சகன, முட்டை தமகொ, மரக்கறி யசை. கியூநிகுவும் கியூனியூவும் ஒரே 'கியூ'வில் தொடங்குவதைப் பாருங்கள். கியூ என்பது மாடு. முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டினால் பாலுக்குப் பதில் மாட்டிறைச்சி வந்து சேரும். சகெ என்ற சொல்லும் இரண்டு பக்கம் வெட்டும்: மதுவுக்கும் அதே பெயர், சமன் மீனுக்கும் அதே பெயர். மதுவைப் பெரும்பாலும் ஒசகெ என்று சொல்வார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர்கள் எங்களில் அநேகர். ஜப்பானில் பிரபலமான சாப்பாடு கரே ரைசு. கறி என்ற எங்கள் சொல்தான் ஆங்கிலேயர் வழியாக, 19ஆம் நூற்றாண்டில், அங்கே போய்ச் சேர்ந்தது. பெயர் பழகியது என்பதற்காக நம்பிச் சாப்பிட வேண்டாம். அதற்குப் பாவிக்கும் கறிக்கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். மரக்கறிச் சூப்பிலும் தஷி என்ற சாறு இருக்கலாம். தஷியைப் பெரும்பாலும் கத்ஸுஒபுஷியில் இருந்து எடுப்பார்கள். அது என்னவென்று உங்கள் அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கும்: சூரை இன மீனை அவித்துப் புகையூட்டிக் கல்லுப் போலக் காய வைத்தது, எங்கள் மாசிக் கருவாட்டின் சொந்தக்காரன்.

ஆகவே கேட்கப் பழகுங்கள். கொரெ நி கியூநிகு கா ஹைத்தெ இமஸ் கா? "இதில் மாட்டிறைச்சி சேர்ந்திருக்கிறதா?" நடுவில் வரும் கா மெல்லோசை, கடைசியில் வரும் கா வல்லோசை. கடைசிக் கா எங்கள் கேள்வி ஆகாரம் போல வசனத்தின் முடிவில் ஒட்டிக்கொள்வது. மறுப்பதற்கு: சகன மொ நிகு மொ தபெமசென். மொ என்பது எங்கள் 'உம்'. மீனும் இறைச்சியும் சாப்பிட மாட்டேன். சொல் ஒழுங்கை மாற்றவே தேவையில்லை. கொஹன் ஒ தபெமஸ் என்பதில் ஒ என்பது எங்கள் 'ஐ' வேற்றுமை, சோற்றைச் சாப்பிடுகிறேன். வினை கடைசியில் வரும். ஆங்கிலம் எனக்கு வராது, ஆகவே ஜப்பானிய மொழியும் வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் இந்த இரண்டு வசனங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதிட்டவர் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர் அந்த முடிவை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வசன அமைப்பு ஒத்திருப்பது படிப்பவருக்கு இலாபம்தான்.

சுவை

உறைப்பு கரை, சூடு அத்சுய். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் பாவிப்பார்கள். தமிழில் இரண்டு, ஜப்பானிய மொழியிலும் இரண்டு. இனிப்பு அமை, புளிப்பு சுப்பை, கைப்பு நிகை, உப்புக் கரிப்பு ஷொப்பை. ஈற்றில் வரும் ஐயைக் 'கை' என்பதில் போல முழுதாக ஒலியுங்கள். துவர்ப்பு ஷிபுய். அதிகம் ஊறிப்போன சாயத்தைக் குடித்தால் நாக்குப் பிடிக்குமே, அதுதான். ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் இதற்குச் சரியான சொல் கிடையாது. சில பிரதேசங்களில் உப்புக் கூடியதையும் கரை என்பார்கள். எனவே முதியவர் ஒருவர் கரை என்று முகம் சுளித்தால் மிளகாயை மட்டும் சந்தேகிக்க வேண்டாம்.

பராமரிப்பு இல்லத்தில்

கூடிய கவனம் தேவைப்படும் இடம் இது. வயது போனவர்கள் சிலருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். வெறும் தண்ணீர் வேகமாக இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் நெஞ்சில் கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தண்ணீரிலும் தேநீரிலும் ஒரு மாவைக் கலந்து கூழ்ப்பதமாக்கிக் கொடுப்பார்கள். அந்தப் பதத்தின் பெயர் தொரொமி. "ஒச்ச நி தொரொமி ஒ த்ஸுகெதெ குதசை" என்று தாதி சொன்னால், தேநீரைத் தடிப்பாக்கிக் கொடுங்கள் என்று பொருள். இந்த ஒரு சொல் விளங்காமல், ஒச்ச என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு கோப்பையை நீட்டுவது பாரதூரமான விடயம். விளங்காவிட்டால் "மோ இச்சிதொ ஒனெகைஷிமஸ்", இன்னொரு முறை சொல்லுங்கள், என்று கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

புரைக்கேறுவதற்கு முசெரு என்பார்கள். சிறிதாக நறுக்கிய உணவு கிசமி. ஒகயு, அதாவது கஞ்சி, இங்கே அடிக்கடி காதில் விழும். மருந்தைப் பொறுத்தவரை, குளிசையானாலும் 'குடிப்பது' என்றே சொல்வார்கள்: குசுரி ஒ நொமிமஸ். அதில் குசுரி மருந்து, நொமிமஸ் குடிக்கிறேன். குளிசையைத் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டாம்.

காசு கட்டுவதற்கு முன்

மொழி வகுப்பில் சேர்வதால் மட்டும் விசா கிடைக்காது. மேற்படி விசாவுக்கு ஜப்பானிய மொழித் தகைமைப் பரீட்சையில் என்4 மட்டம் அல்லது ஜேஎவ்ரி அடிப்படைப் பரீட்சையில் சித்தியும், அந்தந்தத் துறைக்குரிய திறன் பரீட்சையில் சித்தியும் தேவை. பராமரிப்புத் துறைக்கு மேலதிகமாக ஒரு மொழிப் பரீட்சையும் உண்டு. "பரீட்சை வேண்டாம், காசு கட்டினால் போதும்" என்று யாராவது வீடு தேடி வந்து சொன்னால், நகையை அடகு வைக்கவோ காணி உறுதியைக் கொடுக்கவோ வேண்டாம். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பயிற்சி

விடையை மறைத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1. களஞ்சியத்தில் இருந்து அரிசி கொண்டுவரச் சொல்கிறார்கள். எந்தச் சொல் வரும்: மொமி, கொமெ, கொஹன்?
2. "இதில் முட்டை சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள்.
3. குழம்பு உறைக்கவில்லை, ஆனால் கிண்ணம் கை சுடுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் எதைச் சொல்வீர்கள்: கரை, அத்சுய்?
4. தேநீர் குடித்த முதியவர் இருமுகிறார். தாதியிடம் சொல்ல வேண்டிய சொல் எது?

விடைகள்: 1. கொமெ. 2. கொரெ நி தமகொ கா ஹைத்தெ இமஸ் கா? 3. அத்சுய். 4. முசெரு. முதலில் கோப்பையை எடுத்துவிடுங்கள், பிறகு கூப்பிடுங்கள்.