சட்டம் அனுமதித்தால் போதுமா?



மேல்நாடுகளுக்குப் படிக்கவும் வேலைக்கும் சென்றுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் விற்கப்படுகிறது. அரசாங்கமே அனுமதித்ததில் என்ன பாவம் என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

“உலகம் கெட்டுப்போயிற்று” என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. “அனுமதித்தார்கள் என்றால் தீங்கில்லை” என்று சமாதானப்படுவதும் எளிது. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. ஆகவே இந்த இதழில் இதைப் பொறுமையாய் ஆராய்வோம்.

1. நடந்தது என்ன?

2012 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் மக்கள், 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதித்து வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கொலராடோவில் கடைகள் திறந்தன. நாடுகளில் முதலாவதாக உருகுவே 2013இல் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் அனுமதித்தது. 2023 முடிவில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட மாநிலங்கள் 24. நம் நாட்டிலோ, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றமே.

2. நீதியின் குரல்

சட்டத்தை மாற்றக் கேட்டவர்கள் எல்லாரும் போதையை விரும்பியவர்கள் அல்ல. அமெரிக்காவில் 2010இல் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் கஞ்சா வழக்குகளில் கைதானார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா உபயோகித்தார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கைது செய்யப்படும் வாய்ப்பு கறுப்பருக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. ஒரு சிறு பொட்டலத்துக்காக, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் வாழ்நாள் தடையான குற்றப் பதிவு! தீர்க்கதரிசிகளின் புத்தகங்களை வாசிக்கிற சபை இதைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கலாகாது.

சட்டம் மாறியபின் கொலராடோவில் கஞ்சா கைதுகள் 2012இல் 13,225 ஆக இருந்து 2019இல் 4,290 ஆகக் குறைந்தன. 2020இல் விற்பனையை அனுமதித்த இல்லினாய் மாநிலம், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் பழைய கைதுப் பதிவுகளை அழித்தது. இவை நன்மைகளே. ஆயினும் 2019இலும் கொலராடோவில் கறுப்பரின் கைது விகிதம் வெள்ளையருடையதைவிட இரு மடங்குக்கும் மேல். சட்டப் புத்தகத்தைத் திருத்தலாம். பட்சபாதமுள்ள இருதயத்தை அது திருத்துவதில்லை.

3. வாலிபப் பிள்ளைகள்

மாணவர்கள் கூட்டங்கூட்டமாய்க் கெட்டுப்போவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். கொலராடோ உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே எடுத்த கணக்கில், முந்தைய 30 நாட்களில் கஞ்சா உபயோகித்தவர்கள் 2013இல் ஏறக்குறைய 20 சதவீதம்; 2019இலும் ஏறக்குறைய அதே அளவு; 2021இல் 13 சதவீதம். பயந்தபடி நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளை பிரசங்க பீடத்துக்கும் பொருந்தும். மிகைப்படுத்திச் சொன்னதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

அந்த உண்மை இது: கஞ்சா உபயோகிப்போரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் ஆரம்பிப்பவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அடிமையாகிறார்.

4. சிறு பிள்ளைகளும் தினசரிப் பழக்கமும்

போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளின் அளவு, அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் ஏறக்குறைய 4 சதவீதம். 2014இல் ஏறக்குறைய 12 சதவீதம். கடைகளில் விற்கும் சாறுகள் இதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளவை. அவற்றை மிட்டாயிலும் சாக்லேட்டிலும் சேர்த்து விற்கிறார்கள். இந்தத் தின்பண்டங்களைத் தெரியாமல் தின்ற 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறித்து அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017இல் 207, 2021இல் 3,054. பெரியவர்களின் சுதந்திரத்துக்காக மேசைமேல் வைத்ததைக் குழந்தையின் கை எடுத்துக்கொண்டது.

தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் கஞ்சா உபயோகிக்கும் அமெரிக்கர்கள் 1992இல் 10 லட்சத்துக்கும் குறைவு. 2022இல் 1 கோடியே 77 லட்சம். அதே அளவுக்கு அடிக்கடி மது அருந்துவோரைவிட இது அதிகம். இந்தப் பெருக்கம் கடைகள் திறக்குமுன்பே தொடங்கியது. எல்லாப் பழியையும் புதிய சட்டத்தின்மேல் போட முடியாது. என்றாலும் கடை திறந்திருக்கையில் பழக்கம் விலகுவது கடினமே.

5. தண்டனை வேறு, வியாபாரம் வேறு

உபயோகித்தவனைச் சிறையில் தள்ளாதிருப்பது ஒரு காரியம். அதை விளம்பரம் செய்து லாபத்துக்கு விற்பது வேறொரு காரியம். எப்போதாவது வாங்குபவனால் அந்தக் கடை பிழைப்பதில்லை. தினமும் வாங்குபவனால்தான் பிழைக்கிறது. கொலராடோவில் கஞ்சா வரியில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலரைப் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒதுக்குவதாக வாக்குறுதி தரப்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் வகுப்பறைக்கே அந்த விற்பனையில் பங்கு கிடைத்துவிட்டால், விற்பனை குறையவேண்டும் என்று அரசில் யார் விரும்புவார்கள்? 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையாக விற்கிற நம் மாநிலத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

6. வேதம் காட்டும் வழி

கொரிந்து சபையிலும் இதுபோன்ற கேள்வி எழும்பிற்று. பவுல் முதலாம் நிருபத்தின் 6ஆம், 8ஆம் அதிகாரங்களில், அனுமதி உண்டா என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இது எனக்கு நன்மையா, என்னை அடிமையாக்குமா, பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமா என்றும் சோதித்துப் பார்க்கிறார். சட்டம் தண்டிக்கலாமா வேண்டாமா என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எப்படி வாழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பிள்ளைகளிடம் இதையே சொல்லுங்கள், கோபப்படாமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் நாங்கள் காண்கிற ஒன்றையும் சொல்லவேண்டும். காதில் குரல் கேட்கிறது என்று அழைத்துவரப்படும் வாலிபனின் கஞ்சாப் பழக்கத்தை, குடும்பத்தார் மானத்துக்கும் போலீசுக்கும் பயந்து மருத்துவரிடம் மறைத்துவிடுகிறார்கள். வீரியமுள்ள கஞ்சாவைத் தினமும் உபயோகிப்பதற்கும் கடுமையான மனநோய்க்கும் தொடர்பு உண்டு. மறைப்பதால் சரியான சிகிச்சை தாமதமாகிறது. சபைக்குப் பயந்தும் மறைக்கிறார்கள் என்பதே எங்களை அதிகம் வருத்துகிறது. கண்டிக்க மட்டுமே தெரிந்த சபைக்கு நோயாளி வரமாட்டான். இப்படிப்பட்டவர்கள் பணமில்லாமல் பாதியில் வீடு திரும்பாதபடி, உங்கள் காணிக்கைகள் சிகிச்சையை முடிக்க உதவுகின்றன.

சிந்திக்க, ஜெபிக்க:

1. போதைக்கு அடிமையான ஒருவர் வெட்கப்படாமல் நம் சபையில் யாரிடம் பேச முடியும்?
2. சிறையிலிருந்து திரும்பிய வாலிபனுக்கு நம்மில் யார் வேலை கொடுப்போம்?
3. சட்டம் அனுமதித்திருந்தும், பிறர் இடறாதபடி நாம் விட்டுவிட்டது என்ன?

நெரிந்த நாணல் போன்றவர்களை முறிக்காத ஆண்டவர், அவர்களைத் தாங்கும் கிருபையை நமக்கும் தந்தருள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்