‘ஹேவிங்’ சரியா, தவறா?
இலக்கணத்தில் ஒரு சோதனை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அப்பா பட்டுத் தறி நெய்பவர். ஆங்கிலக் கட்டுரையில் அவள் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்று திருத்தினார். ‘ஹேவ்’ என்ற வினைச்சொல்லோடு ‘இங்’ சேராது என்று விதியும் சொன்னார். அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுநாள் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே, ‘தி டீம் இஸ் ஹேவிங் எ குட் சீஸன்’ என்று அச்சாகியிருந்தது. இப்போது யார் சொல்வது சரி? ஆசிரியரா, நாளிதழா?

இந்த இடத்தில் பல மாணவர்கள், “ஆங்கிலம் நமக்கு வராது” என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டியதில்லை. விதிக்கு ஒத்துவராத ஒரு செய்தி கண்ணில் பட்டால் விஞ்ஞானி என்ன செய்வார்? மேலும் பல செய்திகளைத் திரட்டுவார். நாமும் அதையே செய்து பார்ப்போமா?

கூரம் சொல்லும் பாடம்

முதலில், இலக்கண விதிகள் எங்கிருந்து வருகின்றன? எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல் இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்பது நம் முன்னோர் கருத்து. தொல்காப்பியத்தின் பாயிரமும், அதன் ஆசிரியர் மக்களின் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று கூறுகிறது. வழக்கு முன்னே வந்தது; விதி பின்னே வந்தது.

இதற்குக் கூரத்திலேயே ஒரு சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் இவ்வூரில் கிடைத்தன. ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் அவற்றைப் படித்து 1890இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் பதிப்பித்தார். செப்பேட்டில் வடமொழிப் பகுதி ஒன்றும் தமிழ்ப் பகுதி ஒன்றும் உள்ளன. கோயிலுக்கு விட்ட நிலம், ஏரி, பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாய், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கான பங்கு ஆகியவற்றை அது பதிவு செய்கிறது.

அதை எழுதியவர் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு தர எழுதவில்லை. கொடையைப் பதிவு செய்யவே எழுதினார். அக்காலத்தில் தமிழ் உரைநடை எப்படி எழுதப்பட்டது என்பதற்கு அது நம்பத்தக்க சாட்சியாக நிற்பது இதனால்தான். நாளிதழின் விளையாட்டுச் செய்தியும் இத்தகையதே. அதை எழுதியவர் ‘ஹேவிங்’ பற்றிப் பாடம் நடத்தவில்லை. ஆட்டத்தைப் பற்றி எழுதினார்.

சீட்டு எழுதுவோம்

அந்த மாணவி இரண்டு வாரம் நாளிதழ், பாடநூல், நூலகக் கதைப்புத்தகம் ஆகியவற்றில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேவிங்’ வரும் வாக்கியங்களை ஒன்றுக்கு ஒரு சீட்டாக எழுதுகிறாள். அவளுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் கிடைக்கும். (இவை மாதிரிக்காக நான் எழுதியவை. உங்கள் சீட்டில் நீங்கள் அச்சில் கண்டவையே இருக்க வேண்டும்.)

1. தி ஃபார்மர் ஹேஸ் த்ரீ ஏக்கர்ஸ் ஆஃப் லேண்ட்.
2. தி மினிஸ்டர்ஸ் ஆர் ஹேவிங் எ மீட்டிங்.
3. திஸ் டவுன் ஹேஸ் மெனி டெம்பிள்ஸ்.
4. ஷி இஸ் ஹேவிங் லஞ்ச்.
5. ஹி இஸ் ஹேவிங் டிரபிள் வித் ஹிஸ் ஐஸ்.
6. ஷி ஹேஸ் லஞ்ச் அட் ஒன் எவ்ரி டே.
7. ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க், ஹி வென்ட் ஹோம்.

சீட்டுகளை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ‘இஸ்’, ‘ஆர்’ ஆகியவற்றுக்குப் பின் ‘ஹேவிங்’ வருபவை ஒரு கட்டு: 2, 4, 5. வராதவை இன்னொரு கட்டு: 1, 3, 6. ஏழாவது எதிலும் சேரவில்லை. அங்கே ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ என்பது ‘முடித்துவிட்டு’ என்னும் வேறு பொருள் தருகிறது. அதைத் தனியே வையுங்கள். ஒத்துவராத சீட்டைத் தூக்கி எறிவது விஞ்ஞானம் ஆகாது.

இப்போது பொருளைப் பாருங்கள். 1, 3 ஆகியவற்றில் ‘ஹேவ்’ என்றால் உடைமை: நிலம் இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன. 2, 4, 5 ஆகியவற்றில் அது ஒரு நிகழ்ச்சி: கூட்டம் நடக்கிறது, சாப்பாடு நடக்கிறது, கண்ணில் தொல்லை தொடர்கிறது. விளையாட்டுப் பக்கத்து ‘குட் சீஸன்’ எதில் சேரும்? அதுவும் நிகழ்ச்சியே. ஆறாவதில் சாப்பிடுவது நிகழ்ச்சிதான். ஆனால் அது இந்த நேரத்தில் நடப்பதன்று, தினமும் நடக்கும் வழக்கம். எனவே ‘இங்’ இல்லை.

ஆகவே விதியை இப்படித் திருத்தி எழுதலாம்: ‘ஹேவ்’ உடைமையைக் குறித்தால் ‘இங்’ ஏற்பதில்லை. நிகழ்ச்சியைக் குறித்து, அந்நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தால் ‘இங்’ ஏற்கும். ஆசிரியர் திருத்தியது சரியே. சகோதரர் இருப்பது உடைமைப் பொருளில் அடங்கும். நாளிதழ் எழுதியதும் சரியே. விதிதான் பாதியாகச் சொல்லப்பட்டிருந்தது!

தவறு எங்கிருந்து வந்தது?

‘படிக்கிறான்’ என்ற ஒரே தமிழ்ச் சொல், தினமும் படிப்பதையும் குறிக்கும், இப்போது படிப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வடிவம் கேட்கிறது. அதனால் நாம் தடுமாறுகிறோம். ஆனால் தமிழிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்கிறோம். ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். அந்த மாணவி எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே இந்த விதியைத் தன் தாய்மொழியில் அறிந்திருக்கிறாள். எல்லா இடத்திலும் இரு மொழிகளும் இப்படி ஒத்துப்போகா. என்றாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பத்து லட்சம் சொற்கள்

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ராண்டால்ஃப் குவர்க் என்ற பேராசிரியர் 1959இல் ஆங்கில வழக்காய்வு ஒன்றைத் தொடங்கினார். பேச்சிலும் எழுத்திலுமாக 200 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 5,000 சொற்கள். இவற்றை முதலில் காகிதச் சீட்டுகளில்தான் ஆராய்ந்தார்கள்.

அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெல்சன் ஃபிரான்சிஸ், ஹென்றி குச்செரா ஆகியோர் 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகளை எடுத்தனர். பகுதிக்குச் சுமார் 2,000 சொற்கள். மொத்தம் சுமார் பத்து லட்சம். 1964இல் முடிந்த இத்தொகுப்பைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். துளையிட்ட அட்டை என்றதும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு ஜக்கார்டு பெட்டி நினைவுக்கு வரும். எந்தப் பாவு இழை உயர வேண்டும் என்று தறிக்குச் சொல்வதும் துளையிட்ட அட்டைதானே! அந்தத் தொகுப்பில் நூறு சொற்களுக்கு ஏறக்குறைய ஏழு ‘தி’ என்ற சிறு சொல்லே என்று தெரிந்தது.

நம் நாட்டிலும் இப்பணி நடந்தது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். வி. சாஸ்திரியின் தலைமையில், 1978இல் இந்தியாவில் வெளியான ஆங்கில எழுத்துகளிலிருந்து 500 பகுதிகள் திரட்டப்பட்டன. பத்து லட்சம் சொற்கள் கொண்ட அத்தொகுப்பு 1986இல் நிறைவுற்றது. இந்தியர் ஆங்கிலத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று ஊகிக்காமல் எண்ணிப் பார்க்க அது வழி செய்தது. இன்றோ கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட தொகுப்புகள் உள்ளன.

ஓர் எச்சரிக்கை

“இந்தியாவில் பலரும் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்கிறார்களே, அதுவும் வழக்குதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆம், அதுவும் வழக்கே. அதைச் சொல்பவர் அறிவில்லாதவர் அல்லர். ஆனால் ஒரு வழக்கை யார், எங்கே, எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சீட்டில் குறிக்க வேண்டும். பேச்சில் வருவது எல்லாம் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ஏற்கப்படுவதில்லை. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தெரிந்து எழுதுபவருக்கே மொழி வசப்படும். ஒரே ஒரு வாக்கியத்தைக் கண்டதும் விதியை உடைத்துவிட்டதாக எண்ணவும் கூடாது. அச்சுப்பிழையும் உண்டு அல்லவா?

நீங்களும் செய்து பாருங்கள்

‘ஸின்ஸ்’, ‘ஃபார்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் வேலை எளிது. ஆளுக்குப் பத்துச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் முழு வாக்கியம், வெளிவந்த இடம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது ‘1980’, ‘மன்டே’ போன்ற தொடங்கிய காலமா, அல்லது ‘த்ரீ இயர்ஸ்’ போன்ற கால அளவா என்று பார்த்துப் பிரியுங்கள். நமது ‘முதல்’, ‘ஆக’ இவற்றோடு ஒப்பிடுங்கள். எந்தக் கட்டிலும் சேராத சீட்டுகள் சில நிச்சயம் வரும். ‘ஸின்ஸ்’ காலத்தைக் குறிக்காமல் காரணத்தைக் குறிக்கும் வாக்கியம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

பிறகு விதியை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, அதன்பின் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் அந்த விதி உங்களுக்கு மறக்காது. ஒத்திராவிட்டால் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். கேட்பதற்கு உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கும். கையில் சான்றும் இருக்கும்.