பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

 

பக்கவாதம் வந்தவரின் சிகிச்சைக்கு உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பத்தாரிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டாரா?" பல தடவை கிடைத்த பதில் இதுதான்: "சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டாங்க."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பால் வருவதே அதிகம். ஆனால் உயிருக்கு ஆபத்து அதிகம் கசிவில்தான்.

கசிவுக்கு முதன்மையான காரணம் உயர் ரத்த அழுத்தம். பல ஆண்டுகள் அழுத்தம் கூடியே இருந்தால் மூளையின் உட்பகுதியில் உள்ள மெல்லிய குழாய்கள் பலமிழந்து ஒருநாள் வெடிக்கின்றன. மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. கசிந்த ரத்தம் வெளியேற வழியின்றி மூளையையே அழுத்துகிறது.

பிரஷருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. "எனக்குத் தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லையே" என்பது சமாதானம் ஆகாது. மாத்திரையால்தான் அளவு குறைந்திருக்கிறது. அதை நிறுத்தினால் மீண்டும் ஏறிவிடும்.

தடுப்பதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

2. மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

3. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

4. பீடி, சிகரெட்டை அறவே விடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

5. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மாற்றக் கூடாது. சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது.

6. ரமளான் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் சென்று, ஸஹரிலும் இஃப்தாரிலும் எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று கேட்டு வாருங்கள். நோன்பு வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் மனம் வருந்தாதீர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி வாந்தியுடன் வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாயில் தண்ணீரோ மாத்திரையோ தராதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முக்கியமாக, ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை இன்னும் கூட்டிவிடக்கூடும். விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. நோய்க்கு மருத்துவம் தேடுவது நபிவழி. இன்றிரவே உங்கள் அத்தாவிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மாத்திரை சாப்பிட்டீங்களா?"

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் நிறைவான ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன்.

- செயலாளர்