மூலமும் முத்திரையும்

மாரிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வேதப் புத்தகங்கள் உண்டு. தந்தை வழியார் தென்னிந்தியத் திருச்சபையினர். அவர்களுடைய வேதாகமத்தில் இறைவன் 'தேவன்'. தாய் வழியார் கத்தோலிக்கர். அவர்கள் வாங்கியது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். இரு சபை அறிஞரும் கூடிச் செய்த அப்பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. தாயைப் பெற்ற ஆயாவுக்கோ என்றும் 'சர்வேசுரன்'தான்!

தங்கச் சுரங்கத்தில் உழைத்து மறைந்த தாத்தாவின் நினைவு நாள் நெருங்கிற்று. இரு வீட்டாரும் கூடும் மன்றாட்டில் வாசிக்கத் திருவிவிலியத்தை எடுத்தேன். ஆயா தடுத்தார். "அவங்களோட சேர்ந்து எழுதினதாமே, இது செல்லுமா கண்ணு?"

வேதியியல் பயிலும் எனக்கு விடை தெரியவில்லை; தேடிப் படித்தேன்.

1546இல் திரிதெந்து சங்கம், பல இலத்தீன் பதிப்புகள் உலவிய குழப்பத்தில், 'வுல்காத்தா' எனும் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பையே பொது வாதத்திற்கும் மறையுரைக்கும் உரியதென ஏற்றது. அது பிழையற்றது என்பதன்று பொருள். 1590இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் வெளியிட்ட பதிப்பே அவர் இறந்ததும் திரும்பப் பெறப்பட்டு, 1592இல் திருத்திய பதிப்பு வந்ததே! அந்த ஏற்பு சட்ட முறையிலானது, மூலபாட ஆராய்ச்சியைச் சார்ந்ததன்று என்று 1943இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தெளிவாக்கினார். எபிரேய, கிரேக்க மூலங்களுக்கே முதலிடம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை அதிகாரிகள் இசைந்தால் பிரிந்த சகோதரருடன் கூடியும் மொழிபெயர்க்கலாம் என்றது.

நம் ஊரார்க்கு இது எளிதில் விளங்கும். கட்டியில் இட்ட முத்திரை தங்கத்தை உண்டாக்குவதில்லை. நம்பி வாங்கலாம் எனச் சான்று தருகிறது. மாற்று அறிய உரைகல்லிடமே செல்ல வேண்டும்.

தமிழிலும் பழைய பூசல் உண்டு. 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய புதிய ஏற்பாட்டின் தமிழை வீரமாமுனிவர் 1728இல் எழுதிய வேதவிளக்கத்தில் கடிந்தார். நடையில் அவர் கண்ட குறை இருக்கட்டும். அத்தகைய புலவர் தாமே விவிலியத்தைத் தமிழாக்கித் தரவில்லையே என்பது என் குறை.

ஆயா விரும்பியது நீதிமான்களின் ஆன்மாக்களைப் பற்றிய பகுதி. அது சாலமோனின் ஞானம், மூன்றாம் அதிகாரம். தந்தை வழியாரின் 66 நூல்களில் அது இல்லை. எங்களிடமுள்ள திருவிவிலியத்தின் 73 நூல்களில் உண்டு. ஆயர்களின் இசைவு பெற்ற நூல் என்று எடுத்துச் சொன்னதும் ஆயா இசைந்தார். நான் வாசிக்க, பெரியப்பாவும் தலை தாழ்த்திக் கேட்டார். 'கடவுள்' என்று வந்த இடமெல்லாம் ஆயாவின் உதடுகள் 'சர்வேசுரன்' என்றே அசைந்தன.